யானை கொடுத்து வாங்கிய பேனா

முன்னொரு காலத்தில், அதற்கும் ரொம்ப முன்னொரு காலத்தில், கோரையூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அது எந்தத் திசையில் என்று கேட்டு என்னை மடக்கப் பார்க்காதீர்கள். ஆற்றங்கரை முழுக்கக் கோரையும் நாணலும் மண்டிக் கிடக்கும் ஊர், அவ்வளவு தெரிந்தால் போதும். நாணல் விளையும் ஊரில் பேனாவுக்குப் பஞ்சமா? அங்கே மாடு மேய்ப்பவர் காதில்கூட ஒரு பேனா செருகியிருக்கும்.

அந்த ராஜ்யத்தை ஆண்டவன் சேந்தன் என்னும் இளம் ராஜா. அவனுடைய அக்கா இளவரசி வஞ்சிக்கொடி. தாய் தகப்பன் இல்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளுக்கு இந்த உலகத்தில் இரண்டே ஆசைகள். ஒன்று தம்பி, இன்னொன்று பேனா.

பேனா ஆசை என்றால் லேசுப்பட்ட ஆசை இல்லை, பித்து. மயிலிறகுப் பேனா, மூங்கில் பேனா, சங்கில் கடைந்த பேனா, எறும்பின் காலைப் போல மெல்லிசாகக் கோடு இழுக்கும் நாணல் பேனா, எல்லாம் வைத்திருந்தாள். கடுக்காய் மை ஒரு புட்டியில், அவுரி மை இன்னொரு புட்டியில். தாளை முகர்ந்து பார்த்தே எந்தப் பட்டறையில் செய்தது என்று சொல்லிவிடுவாள். புதுத் தாளில் முதல் கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்.

எல்லாவற்றிலும் உசத்தி, ஒரு கருங்காலிப் பேனா. பக்கத்து நாட்டு ராஜாவுக்குத் தன் பட்டத்து யானையைக் கொடுத்து அவள் அதை வாங்கியிருந்தாள். சபையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "யானை சோறு கேட்கும், இது கேட்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எழுதி எழுதி அதன் முள் அவள் கைக்கே தேய்ந்து பழகியிருந்தது. வேறொருவர் தொட்டால் கீறும், அவள் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பேனா சேர்ப்பவர்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தலை வாரிவிடும் பெண்ணின் விரலில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால், "எந்தப் பேனாவைத் தொட்டே?" என்று மடக்குவாள். பாயசத்தில் முந்திரி கூடுதலாக இருந்தால், "இதுல என்னமோ இருக்கு" என்பாள். தம்பி காரணமில்லாமல் சிரித்தால், "இதுல என்னமோ இருக்கு." மழை சொன்ன நேரத்துக்குப் பெய்தால்கூட, "இதுல என்னமோ இருக்கு!"

அப்படிப்பட்டவளுடைய அரண்மனைக்குத்தான் ஒரு பேனா வியாபாரி வந்தான். தன் பெயர் சத்தியசீலன் என்றான். சத்தியத்தைப் பெயரிலேயே மாட்டிக்கொண்டு வருபவனை நான் நம்பமாட்டேன். நீங்கள் எப்படியோ.

அவன் பெட்டியைத் திறந்தான். சிவப்புப் பட்டின் மேல் வரிசையாகப் பேனாக்கள் படுத்திருந்தன. வஞ்சிக்கொடி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அவ்வளவு அழகு!

"எழுதிப் பாருங்கள் தாயே" என்று ஒன்றை நீட்டினான்.

"மை என்னுது, தாளும் என்னுது. அடுத்தவங்க மையை நான் நம்பமாட்டேன்" என்றாள். அரண்மனை மையில் தொட்டு, அரண்மனைத் தாளில் முதலில் பிள்ளையார் சுழி போட்டாள். அப்புறம் அலை அலையாக ஒரு கோடு இழுத்தாள். முள் வெண்ணெயில் ஓடுவது போல ஓடியது.

"ஆகா! அப்படியே தங்கள் பெயரை எழுதிப் பாருங்கள் தாயே" என்றான் வியாபாரி.

அவள் ஒரு வட்டம் போட்டாள்.

"பெயரை எழுதினால்தான் தாயே பேனாவின் குணம் தெரியும்."

அவள் இன்னொரு வட்டம் போட்டாள்.

"ஒரே ஒரு தடவை, பெயரை மட்டும்..."

வஞ்சிக்கொடி பேனாவைக் கீழே வைத்தாள். எத்தனையோ பேனா வியாபாரிகளை அவள் பார்த்திருக்கிறாள். விற்காத பேனாவின் முள் தேய்ந்துவிடுமே என்று, "போதும் தாயே, போதும்" என்றுதான் அவர்கள் கெஞ்சுவார்கள். இன்னும் எழுது என்று எவனும் கெஞ்சியதில்லை. என்ன எழுதினால் இவனுக்கு என்ன?

"எனக்கு எதுவும் வேண்டாம்" என்றாள். இப்படிச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று பேனா வாங்குகிற உங்களுக்குத் தெரியும்.

சேந்தன் சிரித்தான். "அக்கா, உனக்குப் பாயசத்துலயே சந்தேகம். பாவம் அவர், தூரத்திலிருந்து வந்திருக்கார். நாலு நாள் விருந்தாளியா இருந்துட்டுப் போகட்டும்."

"தம்பி, இதுல என்னமோ இருக்கு."

"உனக்கு எதுலதான் இல்லை?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் அரண்மனையில் விசித்திரங்கள் தொடங்கின. முதலில் மந்திரி. ஓலையில் கையெழுத்துப் போடக் குனிந்தவர், கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் அவர் மனைவி இதைக் கவனிக்கவே இல்லை. அவள் என்றைக்கு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்? "என்னங்க" என்றாள், அவர் வந்து சாப்பிட்டார்.

அடுத்து தளபதி. கோட்டை வாசலில் காவல்காரன் வழக்கம்போல, "யாரது, பேரைச் சொல்லு" என்று கேட்டான். தளபதி தொலைந்த செருப்பைத் தேடுகிறவர் மாதிரி அங்குமிங்கும் பார்த்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. வெயிலில் வெளியிலேயே நின்றார்.

இரண்டு பேரும் அந்த வியாபாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். வஞ்சிக்கொடி விசாரித்தாள். இருவருமே அவனுடைய பேனாவை எழுதிப் பார்த்தவர்கள். புதுப் பேனா கையில் கிடைத்தால் மனிதர்கள் என்ன எழுதுவார்கள்? தன் பெயரைத்தான். ராஜாவானாலும் சரி, ரவிக்கை தைப்பவரானாலும் சரி, கை தானாகவே பெயரைத்தான் எழுதும். அவர்கள் எழுதிப் பார்த்த தாளை வரவழைத்தாள். தாள் வெறுமையாக இருந்தது.

"தம்பி!" என்று கத்திக்கொண்டு நந்தவனத்துக்கு ஓடினாள்.

ராஜா அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கையில் மை. மடியில் வெறும் தாள். பக்கத்தில் வியாபாரி பேனாவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

வஞ்சிக்கொடி தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டியபோது கூப்பிட்ட பெயர், சோறு ஊட்ட விரட்டியபோது கூப்பிட்ட பெயர், பட்டம் கட்டிய நாளில் சபை கேட்கக் கூப்பிட்ட பெயர். நாக்கில் தேடினாள், நெஞ்சில் தேடினாள், எங்கேயும் இல்லை. எனக்கே பாருங்கள், சற்று முன்னால் உங்களிடம் சொன்னேன், இப்போது வரமாட்டேன் என்கிறது.

"தம்பி..." என்றாள். அது பெயர் இல்லை, உறவு. அதனால் அது மட்டும் மிஞ்சியிருந்தது. அவன் லேசாகத் திரும்பினான். ஆனால் கண்ணில் ஆள் இல்லை.

"நாளைக்குச் சபையில் ராஜ்யத்தை இவருக்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன்" என்றான், யாரோ சொல்லிக் கொடுத்ததைப் போல.

வஞ்சிக்கொடி அழவில்லை. அழுதால் தான் கண்டுபிடித்தது வியாபாரிக்குத் தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தன் அறைக்கு வந்து யோசித்தாள். மையிலா மந்திரம்? மை அரண்மனை மை. தாளிலா? தாளும் அரண்மனைத் தாள். கட்டையிலா? வெறும் வேம்பு, கண்ணால் பார்த்தாளே. அப்படியானால் முள்ளில்தான் இருக்கிறது.

ஆள் அனுப்பி வியாபாரியைக் கூப்பிட்டாள். "ஒரு பேனா குடு. என் தாள்ல எல்லாம் எழுதிப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

அவனுக்குக் குஷி பிறந்துவிட்டது. யாரும் தொடாத பேனாவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான்.

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். கருங்காலிப் பேனாவை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதைத் தடவிக் கொடுத்தாள். பிறகு அதன் முள்ளைப் பிடித்து இழுத்தாள். ஆண்டுக்கணக்காக ஊறி இறுகிய முள் லேசில் வருமா? வந்தபோது இரண்டாக விண்டு வந்தது. அவள் கைக்கென்றே தேய்ந்த முள், இனி எந்தப் பட்டறையிலும் கிடைக்காத முள். அப்போதுதான் வஞ்சிக்கொடி வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து வேலையைப் பார்த்தாள். வியாபாரியின் முள்ளைக் கழற்றித் தன் கருங்காலிக் கட்டையில் பொருத்தினாள். அவனுடைய வேப்பங்கட்டையில் ஒரு சாதாரண முள்ளைச் செருகினாள்.

மறுநாள் காலை, சபை கூடுவதற்கு முன் அவன் வந்து நின்றான். "எழுதிப் பார்த்தீர்களா தாயே?"

"இப்பத்தான் எழுதப் போறேன்." வேப்பம் பேனாவை எடுத்து அவன் கண் முன்னாலேயே எழுதினாள்: வஞ்சிக்கொடி.

எழுதி முடித்ததும் உள்ளங்கையை அந்த எழுத்தின் மேலேயே அப்பிவைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தாள். கையெல்லாம் மை. அவன் அதைப் பார்க்கவில்லை. அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் பெயர் என்ன?" என்று கேட்டான். "தாயே" எல்லாம் போய்விட்டது, கவனித்தீர்களா?

"பேரா?" என்றாள். "இங்கதான் எங்கயோ வெச்சேன்."

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்காளும் ஒழிந்தாள்! எங்கே, யானை கொடுத்து வாங்கின பேனா ஒன்று உண்டாமே, எடு அதை!"

பொம்மை மாதிரி நடந்துபோய் எடுத்து வந்து நீட்டினாள். அவன் திருடன்தான், மந்திரவாதிதான், ஆனால் அவனும் ஒரு பேனாப் பைத்தியம். கருங்காலிக் கட்டையை விரலால் உருட்டினான், எடை பார்த்தான், மோந்தான். அத்தனை ஊரையும் ஏமாற்றியவன் அந்த ஒரு நிமிஷம் சந்தேகப்பட மறந்துவிட்டான்.

மையில் தொட்டு ஒரு சுழி போட்டான். "அடடா!"

அலை அலையாக ஒரு கோடு இழுத்தான். "அடடடா!"

வஞ்சிக்கொடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூன்றாவதாக அவன் கை தானாகவே ஓடியது. புதுப் பேனா கிடைத்த எல்லாரும் எழுதுவதைத்தான் அவனும் எழுதினான். தன் பெயரை, அதுவும் அம்மா வைத்த உண்மைப் பெயரை.

அது என்ன பெயர் என்று கேட்காதீர்கள். காய்வதற்குள் தாளை விட்டு முள்ளுக்குள் ஏறிவிட்டது. அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தான். வஞ்சிக்கொடி அதைப் பட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"சொல்லு! போன பேரெல்லாம் எப்படித் திரும்பும்?"

பெயர் அவள் கைக்குப் போய்விட்டதால் இப்போது அவனால் மறைக்க முடியவில்லை. "முள்ளைக் கல்லில் வைத்து நசுக்க வேண்டும்."

"என் தம்பி எந்தப் பேனாவுல இருக்கான்?"

"பெட்டியில் கலந்துவிட்டது. எனக்கே தெரியாது."

அம்மிக்கல்லைக் கொண்டுவரச் சொன்னாள். தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பட்டின் மேல் அத்தனை அழகும் அப்படியே படுத்திருந்தது. அவள் ஆயுசில் பார்த்ததிலேயே நல்ல பேனாக்கள்.

முதல் முள்ளை நசுக்கினாள். எங்கோ தூரத்து ஊரில் தறி முன்னால் மலைத்து உட்கார்ந்திருந்த ஒருவருக்குத் தன் பெயர் ஞாபகம் வந்தது. இன்னொன்றை நசுக்கினாள். கோட்டை வாசலில் தளபதி தன் பெயரைச் சொல்லி இடி முழக்கம் போட்டார். இன்னொன்று. மந்திரி ஓடிவந்து, விட்டுப்போன கையெழுத்துகளையெல்லாம் போட உட்கார்ந்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கூப்பிட முயன்றாள். வாய் காற்றைத்தான் ஊதியது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. கிளிப்பச்சைக் கட்டை, நகக்கண் அளவு முள். பெட்டியிலேயே அழகானது. அவள் கை நின்றது. இதில் தம்பி இல்லாவிட்டால்? இத்தனையும் நசுக்கியாகிவிட்டது, இந்த ஒன்றாவது மிஞ்சட்டுமே? தம்பி என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்புகிறானே, அது போதாதா? ஆமாம், அப்படித்தான் நினைத்தாள். பொய் சொல்வானேன்? ஒரு கண நேரம் அப்படி நினைத்தாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"சேந்தா!"

அது அவள் குரல்தான். அவள் கூப்பிடவே இல்லை, தானாக வந்தது. ராஜா திடுக்கிட்டு எழுந்தான். கண்ணில் ஆள் வந்திருந்தது.

"என்னக்கா இது? எல்லாப் பேனாவையும் ஏன் உடைச்சே? உன் கையெல்லாம் ஏன் மை?"

வஞ்சிக்கொடி அவனைக் கட்டிக்கொண்டாள். புதுப் பட்டு வேட்டியில் மை ஒட்டியது. யாரும் கவலைப்படவில்லை.

மந்திரவாதி என்ன ஆனான் என்பீர்கள். கருங்காலிப் பேனா இளவரசியிடம் இருக்கும்வரை அவள் சொன்னதைத்தான் அவன் கேட்க வேண்டும். அரண்மனைப் பட்டறையில் உட்கார்ந்து, மந்திரம் கலக்காத முள்ளாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். கெட்டவனே தவிர கைதேர்ந்த வேலைக்காரன்தான், முள்ளெல்லாம் நன்றாகவே ஓடுகின்றன. பெயர் திரும்பக் கிடைத்தவர்கள் பல ஊர்களிலிருந்து இளவரசிக்குப் பேனாவும் தாளும் மையுமாக அனுப்பினார்கள். அவள் அறை நிரம்பி வழிந்தது. எல்லாவற்றையும் முகர்ந்து, தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் உள்ளே வைத்தாள். திருந்திவிட்டாள் என்று நினைத்தீர்களா?

ஒன்று மட்டும் மாறியிருந்தது. ராஜா சபையில் இருப்பான், குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருப்பான், வாயில் சோற்றோடு இருப்பான். எங்கிருந்தோ ஒரு குரல் வரும்.

"சேந்தா!"

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை. சும்மா கூப்பிட்டேன்."

அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும். நாம் சத்தம் போடாமல் எழுந்து போவோம்.