எப்போதாவது எரியும் விளக்கு

தூத்துக்குடியில் மரியபுஷ்பம் கார்களுக்கு மின்பழுது பார்ப்பவர். அவரிடம் தொழில் கற்க வந்த ஆதிலிங்கம் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். வேலை பார்த்த நூற்பாலை மூடிவிட்டதால் வந்து சேர்ந்தார்.

ஒரு நாள் காலை ஞானதுரையின் பழைய கார் நான்காவது முறையாகப் பட்டறைக்கு வந்தது. கப்பலில் முப்பது வருஷம் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"ஏர்பேக் விளக்கு நேத்தும் எரிஞ்சுது" என்றார்.

ஆதிலிங்கம் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எல்லாக் காரிலும் போலச் சற்று எரிந்து அணைந்துவிட்டது. ஸ்கேனரை மாட்டினார். டிரைவர் பக்கம் எப்போதோ வந்துபோன பழுது என்று மட்டும் காட்டியது. முந்தைய மூன்று முறையும் இதைத்தான் அழித்து அனுப்பியிருந்தார்.

"எப்ப சார் எரியுது? பள்ளத்துல இறங்கும்போதா?"

"எப்பவாவது."

"எந்த எடத்துல?"

"தெரியல. பேசாம பல்பைக் கழட்டிருங்க."

ஆதிலிங்கம் மரியபுஷ்பத்திடம் போனார்.

"மேடம், நாம பாக்கும்போது இல்லாத பழுதை எப்படிப் பிடிக்கிறது?"

மரியபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு காரின் முன்சீட்டில் ஏறினார். ஆதிலிங்கத்தைப் பின்னால் ஏறச் சொன்னார்.

"தினமும் போற எடத்துக்கெல்லாம் போங்க சார். நாங்களும் வாறோம்."

ஞானதுரை தயங்கினார். பிறகு வண்டியை எடுத்தார். மீன் மார்க்கெட்டில் இரண்டே இரண்டு மீன் வாங்கினார். மாதா கோயில் வாசலில் நிறுத்தி, இறங்காமலே சிலுவை போட்டுக்கொண்டார். விளக்கு எரியவில்லை. ஆதிலிங்கம் ஏதோ கேட்க வாயெடுத்தார். மரியபுஷ்பம் கையைக் காட்டி நிறுத்தினார்.

மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டி நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு ஞானதுரை சும்மா இருந்தார். மரியபுஷ்பமும் சும்மா இருந்தார். வெளியே கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவினார்கள். யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

வெகுநேரம் கழித்து ஞானதுரை சீட்டைப் பின்னால் தள்ளினார். சாய்ந்து கண்ணை மூடினார்.

"கப்பல்ல ராத்திரி பகலா ஆள் சத்தம் கேக்கும்" என்றார். "வீட்ல தூக்கம் வரமாட்டேங்குது."

அப்படியே தூங்கிப்போனார். அவர் விழிக்கும்வரை இருவரும் அசையவில்லை.

விழித்தவர் சீட்டை முன்னால் இழுக்குமுன் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அணையவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும், ஏர்பேக் தவறி விரியாதிருக்கப் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். பிறகு ஆதிலிங்கம் டிரைவர் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஏர்பேக்கோடு சேர்ந்து இயங்கும் சீட் பெல்ட்டிலிருந்து வரும் மஞ்சள் வயர், சீட் நகரும் தண்டவாளத்தில் உரசித் தேய்ந்திருந்தது. சீட்டைக் கடைசிவரை தள்ளினால் மட்டும் இழுபட்டு, அதன் இணைப்பு விட்டுப்போனது. புது வயர் மாட்டினார்கள். ஞானதுரை நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் திரும்பி மறைந்ததும் ஆதிலிங்கம் கேட்டார்.

"நாலு தடவை துருவித் துருவிக் கேட்டேன் மேடம். சீட்டைத் தள்ளிப் படுப்பேன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே?"

"சொன்னா, வீட்டை விட்டுட்டு ஏன் அங்க வந்து படுக்கீங்கன்னு அடுத்துக் கேப்பீங்கல்லா அண்ணாச்சி."