கீறல் விழாத இசைத்தட்டு

கீழப்பாறைப்பட்டிக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுவது எப்போதும் மாடத்திதான். பாட்டு நிறைந்த பென்டிரைவோடு, அப்பா விட்டுப்போன இசைத்தட்டுப் பெட்டியும் பிளேயரும் அவளோடு வரும். இந்த வருஷம் தர்மகர்த்தா சங்கரலிங்கம் குறுக்கே வந்து நின்றார்.

“இப்ப வர்றதெல்லாம் பாட்டா? தகர டப்பாவ உருட்டுற சத்தம். எங்க காலத்துல வந்தது ஒவ்வொண்ணும் தங்கம். இன்னைக்குப் பூராவும் அதுதான் ஓடணும். ஒரு புதுப்பாட்டு கேட்டுச்சு, அடுத்த கொடைக்கு வேற செட்டுதான்.”

“பெட்டியில எந்தத் தட்ட எடுத்தாலும் சரிதானாய்யா?”

“கண்ண மூடிக்கிட்டு எடு.”

மாடத்தி கண்ணைத் திறந்துகொண்டே அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். ஸ்பீக்கரில் ஒருவன் காதலியைக் கோழி என்று கூப்பிட்டு, நாலு நிமிஷம் விடாமல் கொக்கரித்தான். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

பந்தலிலிருந்து தர்மகர்த்தா எழுந்து வந்தார். “நிறுத்து புள்ள. அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் இந்தக் காலத்துக் குப்பையத்தான போட்ட?”

அவள் தட்டையும் உறையையும் நீட்டினாள். உறைமேல் அப்பா கையெழுத்தில், வாங்கிய தேதி. தர்மகர்த்தாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம்.

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொய் சொல்லாத. அம்பது வருஷத்துத் தட்டு ஒரு கீறல்கூட இல்லாம இப்படிப் பளபளன்னு இருக்குமா?”

“நல்ல பாட்டெல்லாம் ஊரே கேட்டுக் கேட்டுத் தேஞ்சு போச்சுய்யா,” என்றாள் மாடத்தி. “இத அன்னைக்கே யாரும் ரெண்டாந்தடவ போடச் சொல்லல.”