இனோசே தவறவிட்ட பந்து

மடத்தில் சேர்ந்து துறவியான பிறகும் மொரியாமாவின் மனம் பேஸ்பால் மைதானத்தை விட்டு வந்தபாடில்லை.

ஒரு காலத்தில் அவர் பேர்போன பந்து வீச்சாளர். ஜப்பானில் போர் முடிந்து, சோற்றுக்கே தாளம் போட்ட ஜனங்கள் ஆட்டத்துக்கு மட்டும் எப்படியோ டிக்கெட் வாங்கிவிட்ட நாட்கள் அவை. இப்போது தன்னைவிடப் பத்து வயது இளைய குருவுக்குச் சீடராக இருந்தார்.

அன்று காலை வாசலிலிருந்து ஒருவர் வந்து சொன்னார்: "இனோசே வந்திருக்கிறார். மகளோடு வடக்கே போகிறாராம். இனிமேல் இவ்வளவு தூரம் வர முடியாதாம். இந்தத் தடவையாவது உங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்."

ஒரே அணியில் ஆடியவர், வருஷா வருஷம் வருகிற ஆள்தான். வருஷா வருஷம் மொரியாமா பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த முறை அப்படிச் செய்ய மனம் வரவில்லை. குருவிடம் போனார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்னால் அவனை மன்னிக்க முடியவில்லை ஐயா. பொய்யாகச் சிரிக்கவும் வரவில்லை. என்ன செய்யட்டும்?"

"உட்காருங்கள். அந்த ஆட்டத்தைச் சொல்லுங்கள்."

"கடைசிச் சுற்று. இன்னும் ஒரே ஓர் ஆள் அவுட் ஆனால்..."

"முதலிலிருந்து."

மொரியாமாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சொன்னார். எதிரணியில் ஒருவரைக்கூட ஓடவிடாமல் ஒன்பது சுற்றையும் முடிப்பது, ஒரு வீச்சாளருக்கு ஆயுளில் ஒரு தடவை வாய்த்தாலே பெரிய விஷயம். அன்றைக்கு அவருக்கு வாய்க்கப் பார்த்தது. அடிக்க வந்தவர்களெல்லாம் தொங்கிய முகத்தோடு திரும்பிப் போனார்கள்.

"ஏழாவது சுற்றில் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து வேலியைத் தாண்டிவிடும், தொலைந்தோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூட்டம் கத்தியது. பார்த்தால், வேலியில் மோதி எங்கள் ஆள் ஒருவன் விழுந்து கிடக்கிறான். கையுறைக்குள் பந்து."

"யார்?"

மொரியாமா கொஞ்சம் தயங்கினார். "இனோசே."

"அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக நன்றிக்குத் தொப்பியைக் கழற்றிக் காட்டுவோம். ஆனால் இப்படியொரு ஆட்டம் நடக்கும்போது வீச்சாளரிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரும் மற்றவர்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அதிர்ஷ்டம் கலைந்துவிடும் என்று பயம். ஆட்டம் முடியட்டும், காலில் விழுந்தே நன்றி சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்."

"முடிந்ததும் சொன்னீர்களா?"

"எங்கே சொல்ல? அதற்குள்தான் பந்தை விட்டுத் தொலைத்தானே. கடைசி ஆள் அடித்தது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். கையுறையில் விழுந்து, துள்ளித் தரைக்குப் போய்விட்டது."

குரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

இந்தக் கதையை மொரியாமா சொல்லாத ஆள் கிடையாது. ஏழாவது சுற்றை மட்டும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, தனக்கேகூட. வேலியோரம் விழுந்து கிடந்தவன் பந்தைத் தூக்கிக் காட்டியது இப்போது கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு அடக்கிக்கொண்ட நன்றியெல்லாம் நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

"அந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் என் ஆட்டம் ஏழாவது சுற்றிலேயே முடிந்திருக்கும்," என்றார் மெல்ல. பிறகு, "அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இத்தனை வருஷமாக வாசலோடு அனுப்பியிருக்கிறேன்."

குரு கீரையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இனிமேல் எப்படி ஐயா?" மொரியாமாவின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. வெறும் மொட்டைதான் தட்டுப்பட்டது. "கழற்றிக் காட்டத் தொப்பிகூட இல்லையே."

"அதனால் என்ன," என்றார் குரு. "குனியத் தலை இருக்கிறதே."