செங்காட்டூர்க் கிணறும் தள்ளிப்போன முகூர்த்தமும்

அணுக்கழிவு புதைத்த இடம் என்றாலே பாதிப் பேர் அந்தத் திசைக்கே போகமாட்டார்கள். ஜெபக்கனி போவாள். செங்காட்டூருக்கு மேற்கே, மூடிப் பல வருஷமாகிவிட்ட புதைகுழி வளாகம் ஒன்று வேலிக்குள் கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிணறுகளை மாதாமாதம் சோதிக்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. குழியிலிருந்து எது கசிந்தாலும் தன் கண்ணுக்குத் தப்பாது என்ற தைரியம் அவளுக்கு. அந்தத் தைரியத்தில்தான் ஊரைக் கூட்டி வாக்குக் கொடுத்தாள்: "தண்ணியில ஏதாவது தெரிஞ்சா, தெரிஞ்ச அன்னைக்கே உங்ககிட்ட சொல்லிடுவேன்."

கொடுத்த வாக்கு சும்மா இருக்குமா? ஒரு கல்யாணத்தில் வந்து நின்றது.

ஊர்க்கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மாரிக்கண்ணுவின் மகளுக்கு, அந்த மாதச் சோதனை நடந்த நாளுக்கு மறுநாள் காலை முகூர்த்தம். மாப்பிள்ளையின் அப்பா சிவனணைந்தான் லேசுப்பட்ட ஆள் இல்லை. "அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த பொண்ணா?" என்று இழுத்தடித்து, சோதனை முடிவுகளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டு மாற்றினார். செங்காட்டூரில் வீட்டுக்கு வீடு விருந்தாளி. சோதனையன்று காலையிலேயே தெரு முழுக்கக் குடத்திலும் டிரம்மிலும் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டார்கள்.

ஜெபக்கனியின் குழுவில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கிற ராஜமாணிக்கம் எப்போதும் சுத்தமான ஊர்க்கிணற்றில் தொடங்கி, கதிரியக்கம் உள்ள, யாரும் குடிக்காத குழியோரக் கிணற்றில் முடிப்பான். அன்று பந்தல் வேலை தெருவை அடைத்துக்கொண்டதால் தலைகீழாகச் செய்தான். குழியோரத்தில் முதலில் இறக்கிய அதே குழாயைக் கடைசியில் ஊர்க்கிணற்றிலும் இறக்கினான்.

மாலையில் முடிவு வந்தது. ஊர்க்கிணற்றில் கதிரியக்கம் வரம்பைத் தாண்டியிருந்தது.

ராஜமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, குழாயைச் சரியாக் கழுவாம விட்டுட்டேன். குழியோரத் தண்ணிதான் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. கிணறு சுத்தம்க்கா! யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. நாளைக்கு மறுபடி எடுத்துப் பார்ப்போம்."

ஜெபக்கனி நேரே மாரிக்கண்ணுவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். மாரிக்கண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், உங்க கால்ல விழுறேன். கிணத்தை இப்பவே பூட்டுறேன், எங்க வீட்டு டிரம்மையும் கொட்டிடுறேன். மோட்டார் ரிப்பேர்னு சொல்லிக்கிறேன். சமையலுக்கு லாரித் தண்ணி வரட்டும். தாலி ஏறினப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

நல்ல யோசனைதானே? ஜெபக்கனிக்கும் 'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெற்றவளின் தவிப்பு அவளுக்குத் தெரியாதா என்ன! இருந்தாலும் பந்தலுக்குப் போய், ரேடியோ செட்டுக்காரரிடம் பாட்டை நிறுத்தச் சொல்லி மைக்கை வாங்கினாள்.

"இன்னைக்கு எடுத்த தண்ணியில கோளாறு தெரியுது. எங்க குழாய் மேலதான் எனக்குச் சந்தேகம். ஆனா உறுதியாத் தெரியுற வரைக்கும் இந்தக் கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு யாரும் வாயில வைக்காதீங்க."

மாப்பிள்ளை வீட்டாரோடு பந்தலில் இருந்த சிவனணைந்தான் எழுந்துவிட்டார். "முடிவு வரட்டும். அதுவரைக்கும் தாலி கிடையாது."

புதுக்குழாயில் மறுபடி தண்ணீர் எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் முகூர்த்தம் தவறிவிட்டது. மாரிக்கண்ணு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மத்தியானம் முடிவு வந்தது. கிணறு சுத்தம்!

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றான் ராஜமாணிக்கம்.

"அப்போ எம்மக முகூர்த்தம் எதுக்கு மேடம் போச்சு?" என்றாள் மாரிக்கண்ணு.

வாயை மூடச் சொன்னவன் ஒருவன். கிணற்றைப் பூட்டிவிட்டுக் காரணத்தை மாற்றிச் சொல்லலாம் என்றவள் ஒருத்தி. மைக் பிடித்து உடைத்துச் சொன்னவள் ஒருத்தி. இந்த மூவரில் யார் பக்கம் நியாயம்? யோசித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

விடை: ஜெபக்கனி பக்கம்தான். கழுவாத குழாய் பொய் சொல்லியிருக்கும் என்றான் ராஜமாணிக்கம். சரி, கிணறு சுத்தம் என்று அவனுக்குச் சொன்னது எந்தக் குழாய்? எதுவும் சொல்லவில்லை. அவன் ஊகம் பலித்தது, அவ்வளவுதான். மாரிக்கண்ணுவின் பூட்டு கிணற்றை மட்டும்தான் பூட்டும். காலையில் தெரு முழுக்கப் பிடித்து வைத்தார்களே, அந்தத் தண்ணீர்? மோட்டார் ரிப்பேர் என்று கேட்டால் அதை யாராவது கொட்டுவார்களா? இன்னும் பத்திரமாக மூடி வைத்துக் குடிப்பார்கள். உண்மையைச் சொன்னால்தான் அந்தக் குடங்களை யாரும் தொடாமல் இருப்பார்கள்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு வந்த சிவனணைந்தான், நீட்டிய காப்பியை வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு செம்பு கேட்டார். மாரிக்கண்ணுவே கொண்டுபோய்க் கொடுத்தாள்.