கட்டை போடுகிறவர் நிற்கும் இடம்

“நல்லதுக்குத்தான் சாமி சொல்றேன். ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க,” என்றார் மணியக்காரர்.

சாமி தேரடியில் உட்கார்ந்து கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சாமி யாரென்று சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுகூட இருக்காது. எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ. ஒரு பங்குனியில் ஆவுடைக்குறிச்சிக்கு வந்தவள், நிலையில் நின்ற தேரின் நிழலைப் பார்த்து, இது போதும் என்று தங்கிவிட்டாள். ஊர் அவளைத் தேரடிச் சாமி என்றது.

மணியக்காரர் வீரபாகுவுக்கு அவளைப்போல இரண்டு மடங்கு வயது. மீசைக்கு மட்டும் தனியாக எண்ணெய் வாங்குகிறவர். கோபக்காரர், கெட்டவர் இல்லை. மனசு குழம்பினால் இங்கேதான் வருவார். வந்து நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டு போனால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அந்த மாசியில் ஊருக்குள் வாந்திபேதி வந்திருந்தது. காலையில் களை எடுக்கப் போனவள் பொழுது சாயும்போது பாடையில் போனாள். அப்படி ஒரு வேகம்.

மணியக்காரர் கை கட்டி நிற்கவில்லை. தண்டோரா போட்டார். நோய் கண்டவர்களை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். குளத்தில் துணி அலசக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். நல்ல உத்தரவுதான். அதில் குறை சொல்ல எனக்கே வாய் வராது.

ஊர் என்ன செய்தது தெரியுமா? நோயாளியை ஒளித்தது.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாங்க சாமி. செம்பாயி வீட்டுக்குப் போனேன். அவ புருஷனுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டுத்தான் போனேன். நான் இன்னும் வாயே திறக்கலை. ‘குதிருக்குப் பின்னாடி யாரும் இல்லை’ங்கிறா.”

சாமிக்குக் கூழ் புரையேறியது.

“எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதைதான்,” என்றாள். “அப்புறம்?”

“உள்ளே காலை வச்சேன். உலக்கையைத் தூக்கிட்டா. என் வீடு, என் புருஷன், செத்தாலும் என் மடியில சாகட்டும், நீ யாருய்யா கேக்கங்கிறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்னத்தைச் சொல்ல? திரும்பி வந்துட்டேன். உலக்கை பெரிசா இருந்துச்சு.”

சாமி சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம்.

“இப்படியே விட்டா பங்குனிக்குள்ள ஊர் காலியாயிரும் சாமி. அடியாத மாடு படியாது. ஆளைப் போட்டு இழுத்துட்டு வரட்டுமா? நீங்கதான் சொல்லணும்.”

சாமி எழுந்தாள். தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்த முட்டுக்கட்டையைத் தூக்கினாள். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னால் செருகுவார்களே, தேரை நிறுத்தவும் மூலையில் திருப்பவும், அந்தக் கட்டைதான். புளிய மரம். நல்ல கனம்.

அதை மணியக்காரரின் கையில் வைத்தாள்.

“கொண்டு போங்க,” என்றாள். மறுபடி கூழை எடுத்துக்கொண்டாள்.

போகிற வழியெல்லாம் மணியக்காரர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வருவதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

தடு என்கிறாள் சாமி.

தடுத்தார். தெருமுனை எல்லாம் தடியோடு ஆள் நிறுத்தினார். யாரும் ஆற்றைத் தாண்டக் கூடாது, வெளியூரார் உள்ளே வரக் கூடாது என்றார். கதவை உடைத்து நோயாளியைக் கட்டிலோடு தூக்கச் சொன்னார். கொட்டகைக்குப் பெரிய பூட்டு வாங்கிப் போட்டார்.

சனம் வயல் வழியாக ஓடியது. ஓடியவர்களோடு நோயும் ஓடியது. பக்கத்துக் குப்பத்தில் சாவு விழுந்தது. செம்பாயி புருஷனை எங்கே கொண்டு போய் வைத்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. குதிருக்குப் பின்னால் இப்போது நிஜமாகவே யாரும் இல்லை.

மணியக்காரர் தேரடிக்கு வந்து கட்டையைத் தொப்பென்று போட்டார்.

“தடுத்துப் பாத்துட்டேன். இன்னும் மோசமாப் போச்சு.”

“தடுக்கச் சொன்னது யாரு?” என்றாள் சாமி.

“நீங்கதானே கட்டையைக் குடுத்தீங்க.”

“கட்டையைத்தான் குடுத்தேன்.”

மணியக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. சாமியாவது பூதமாவது. கட்டையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். அன்றைக்கே இன்னொரு தண்டோரா. காவல் கிடையாது, கொட்டகை கிடையாது, உத்தரவும் கிடையாது. அவரவர் உடம்பு அவரவர் பாடு.

ஊர் குதித்தது. பெட்டிக்கடையில் இனாமாக வெற்றிலை கொடுத்தார்கள். ஒளித்து வைத்த நோயாளி எல்லாம் வீட்டுக்கு வந்தார்கள். ஒளித்து வைத்த துணியெல்லாம் குளத்துக்கு வந்தது.

அந்த வாரம் நோய் நுழையாத தெரு இல்லை. தங்கள் வாசலில் தெளிக்கவும் தண்ணீர் வேண்டாம் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். சுடுகாட்டில் விறகு தீர்ந்துபோனது.

செம்பாயியே மணியக்காரர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். கையில் உலக்கை இல்லை.

“என்னய்யா, எங்களைக் கை கழுவிட்டீங்களா?” என்றாள்.

“நீதானே தாயி கேட்டே. என் வீடு, என் புருஷன்னு.”

“நான் கேட்டேன்தான். பக்கத்து வீட்டுக்காரி அலசுற தண்ணி என் பானைக்குள்ள வரும்னு நான் கண்டேனா?”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் புருஷன் சடையாண்டி உயிரோடுதான் இருந்தான். ஆனால் தேறி வந்தவனுக்கு மறுபடி கண்டு, கண் உள்ளே போய்விட்டது.

மணியக்காரர் மூன்றாவது தடவையாகக் கட்டையோடு தேரடிக்கு வந்தார். மீசையில் எண்ணெய் இல்லை.

“பூட்டினா ஓடுறாங்க. திறந்தாச் சாகுறாங்க. எனக்கு ஒரு வழியும் தெரியலை சாமி,” என்றார். அறுபது வயது மனுஷர் அழுததை ஊரில் முதலில் பார்த்தது சாமிதான்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தேர் ஓடும்போது நீங்க எங்கே நிப்பீங்க?”

“முன்னால. பரிவட்டம் கட்டி, குடைக்குக் கீழே.”

“வடம் பிடிக்கிறவங்க?”

“அவங்களும் முன்னால.”

“கட்டை போடுறவரு?”

மணியக்காரர் யோசித்தார். “சக்கரத்துக்குப் பக்கத்துல.”

“ஏன் அங்கே போய் நிக்கிறாரு? குடைக்குக் கீழே இருந்து எறியலாமே.”

“அதெப்படி சாமி? பக்கத்துல நின்னாத்தானே…”

“தேர் தவறினா முதல்ல யாரு கால் போகும்?”

மணியக்காரர் குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“நான் இதுவரைக்கும் அந்தக் கொட்டகைக்குள்ள போனதே இல்லை சாமி,” என்றார்.

“தெரியும்,” என்றாள் சாமி.

நேரே ஆற்றில் இறங்கி அக்கரைக்குப் போனார். கொட்டகையை அவர் எப்போதும் இக்கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அங்கிருந்து பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். கிட்டே போனால் கூரையில் வானம் தெரிந்தது. தண்ணீர்ப் பானை காலி. போக இடமில்லாத இரண்டு பேர் உள்ளே பாயில்லாமல் கிடந்தார்கள். ஒருத்தன் இவரைப் பார்த்து, “தண்ணி இருக்கா ஐயா?” என்றான்.

மணியக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படி ஒரு இடத்துக்கா மனுஷரை இழுத்து வரச் சொன்னோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

திறந்து கிடந்த கதவில் அவர் வாங்கிப் போட்ட பூட்டு இன்னும் தொங்கியது. கட்டையால் ஓங்கி ஒரே போடு. பூட்டு போய் மணலில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி உலகம்மையிடம் சொன்னார். “நான் கொட்டகைக்குக் குடி போறேன்.”

உலகம்மை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்,” என்றாள். “கஞ்சி வைக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“அப்ப நானும்தான் வரணும்.” முறத்தை மாட்டிவிட்டு வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டாள்.

மகள் நிறைமாதம். அவளைச் சம்பந்தியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் இருவரும் ஆற்றைத் தாண்டினார்கள்.

தண்டோராக்காரர் இருளப்பன் தெருத்தெருவாகச் சொன்னது இதுதான்:

“மணியக்காரரு கொட்டகையில இருக்காரு. கூரை வேய்ஞ்சாச்சு. கதவுக்குப் பூட்டு இல்லை. நோயாளிகூட வீட்டு ஆள் ஒருத்தர் வந்து இருக்கலாம். வந்தவங்க வைத்தியர் சொல்ற வரைக்கும் ஆத்தைத் தாண்டக் கூடாது, வெளியூரார் யாரும் ஊருக்குள்ள வரக் கூடாது. குளத்துல அலசக் கூடாது, தண்ணியைக் காய்ச்சித்தான் குடிக்கணும். மணியக்காரருக்கும் இதே உத்தரவுதான்.”

முதலில் ஒருவரும் வரவில்லை. உலகம்மை வைத்த கஞ்சியை உள்ளே இருந்த இரண்டு பேரும் மணியக்காரரும்தான் குடித்தார்கள்.

பிறகு செம்பாயி வந்தாள். வண்டியில் சடையாண்டியைப் படுக்க வைத்து, தானே மாட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். வண்டியில் உலக்கையும் கிடந்தது.

“என் புருஷனுக்கு நான்தான் தண்ணி குடுப்பேன்,” என்றாள்.

“குடு,” என்றார் மணியக்காரர்.

“காய்ச்சின தண்ணி அவருக்குப் பிடிக்காது.”

“எனக்கும்தான் பிடிக்கலை. என்ன செய்ய? இங்கே அதுதான்.” அதே பானையில் மொண்டு குடித்துக் காட்டினார்.

செம்பாயி அவரையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாள். கஞ்சித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“உப்பு பத்தலை,” என்றாள். ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டாள். சடையாண்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சங்கால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். விடாமல் புகட்டினாள்.

மறுநாள் அவன் கண்ணைத் திறந்து, “உலக்கை எதுக்குடி?” என்றான்.

அந்தச் செய்தி எந்தத் தண்டோராவும் இல்லாமல் ஊருக்குப் போனது. அதற்குப் பிறகு வண்டி வண்டியாக வந்தார்கள். கதவை யாரும் உடைக்கவில்லை. குளத்தங்கரையில் காவல் இல்லை. அலச வந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரியே, “அக்கரையில கிழவர் கிடக்கிறார், உனக்கு என்னடி?” என்று திருப்பி அனுப்பினாள்.

இடையில் மணியக்காரரின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சம்பந்தியம்மாள் குழந்தையை இக்கரைக்குக் கொண்டுவந்து தூக்கிக் காட்டினாள். முழங்கால் ஆழம்தான் ஆறு. நாலு எட்டு வைத்தால் பேரன்.

மணியக்காரரும் உலகம்மையும் அக்கரையில் நின்று பார்த்தார்கள்.

“மூக்கு யாரு மாதிரி இருக்கு?” என்று கத்தினார்.

“உங்களை மாதிரிதான்.”

“ஐயோ பாவம்,” என்றாள் உலகம்மை. சொல்லிக்கொண்டே அழுதாள். இரு கரையிலும் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள்.

பங்குனி பிறப்பதற்குள் நோய் ஊரை விட்டுப் போனது. கடைசி நோயாளி தன் காலால் நடந்து வீட்டுக்குப் போன பிறகுதான் மணியக்காரர் ஆற்றைத் தாண்டினார். சனம் அவரைத் தோளில் தூக்கியது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே தூக்க விட்டார். மனுஷர்தானே.

தேருக்கு நாள் குறித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வந்து, “உத்தரவை எடுத்துடாதீங்க மணியக்காரரே,” என்றார்கள். “வெளியூரான் வர்றதில்லை. சந்தையில சண்டை இல்லை. சொன்னாக் கேக்கிறாங்க. ஊர் எவ்வளவு அடக்கமா இருக்கு பாருங்க.”

மணியக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். எண்ணெய் மறுபடி வந்திருந்தது.

“இருக்கட்டுமே,” என்றார்.

தேரன்று அக்கரைக் கிராமத்துச் சனம் எல்லாம் ஆற்றங்கரையில் நின்றே கோபுரத்தைக் கும்பிட்டது. செம்பாயியின் மகள் அங்கே வாழ்க்கைப்பட்டவள். அவளும் கைக்குழந்தையோடு அந்தக் கூட்டத்தில் நின்றாள். செம்பாயி வடத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பித் திரும்பி ஆற்றைப் பார்த்தாள்.

தேர் கிளம்பியது. இந்தத் தடவை மணியக்காரர் குடைக்குக் கீழே நிற்கவில்லை. கட்டை போடுகிறவர்களோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்தார். கையில் அந்தப் புளியங்கட்டை.

மேலத்தெரு மூலை வந்தது. மூத்த கட்டைக்காரர் கண்ணைக் காட்டினார். மணியக்காரர் குனிந்து கட்டையைச் செருகினார். சக்கரம் அவர் விரலுக்கு அரை அடி தள்ளி நறநறத்து நின்றது. வடம் இழுபட்டது. அந்தப் பெரிய தேர் முனகிக்கொண்டு மெதுவாகத் தெருவுக்கு நேராகத் திரும்பியது. ஊரே ஒரே குரலில் கோயில் சாமி பேரைச் சொன்னது.

மணியக்காரர் நிமிர்ந்து நின்றார். உடம்பெல்லாம் வேர்வை. இப்படி ஒரு சந்தோஷத்தை அவர் பரிவட்டத்தில் கண்டதில்லை.

சனம் வடத்தை இழுத்தது. தேர் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தது.

“மணியக்காரரே,” என்று கூட்டத்திலிருந்து தேரடிச் சாமியின் குரல் வந்தது. “தேர் திரும்பிருச்சா?”

“திரும்பிருச்சு சாமி.”

“அப்புறம் எதுக்கு அந்தக் கட்டை இன்னும் அங்கே கிடக்கு?”

மணியக்காரர் குனிந்து பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி ஆற்றங்கரையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கட்டையை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். தேர் குலுங்கி நகர்ந்தது.

“இருளப்பா, தண்டோரா எங்கேப்பா?”

“இந்தா இருக்குய்யா. என்னன்னு சொல்ல?”

“ஆறு திறந்தாச்சுன்னு சொல்லு. ஓடு. தேர் நிலைக்கு வர்றதுக்குள்ள அவங்களும் வடத்தைத் தொடணும்.”