பொட்டு வெச்ச கம்ப்யூட்டர்

ஒரு ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சாம். ராஜா இல்லையான்னு கேக்காத, ராஜா கதை நேத்தே சொல்லியாச்சு. இந்தக் கதையில ஒரு கம்ப்யூட்டர், ஒரு அம்மா, ஒரு அப்பா, அவ்வளவுதான். அம்மா பேரு சௌந்தரம். அப்பா பேரு நல்லதம்பி. ம் சொல்லு. நீ ம் சொன்னாத்தான் எனக்குக் கதை வரும்.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, பூங்கோதை. கல்யாணம் ஆகி அமெரிக்கா போயிட்டா. அங்க அவ முழுகாம இருந்தா. தலைப்பிரசவம்னா அம்மா வீட்டுலதானே பாக்கணும்? ஆனா அவளால இங்க வர முடியல, இவங்களாலயும் அங்க போக முடியல. சௌந்தரத்துக்கு அது பெரிய ஏக்கம். மாவு கரைச்சா அழுவா, துணி மடிச்சா அழுவா. அப்போ பூங்கோதை சொன்னா, "அம்மா, புள்ள பொறந்ததும் மொதல்ல உனக்குத்தான் காட்டுவேன். கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காம வெச்சிரு."

ஏன்னா அவங்க வீட்டுல இருந்தது பட்டன் போன். அதுல குரல் வரும், மூஞ்சி வராது. மூஞ்சி பாக்கணும்னா கம்ப்யூட்டர்தான்.

இங்கதான் வந்துச்சு வம்பு. நல்லதம்பி ரைஸ் மில்லுல மோட்டார் ஓட்டினவரு. "நிறுத்தாம ஓட்டினா எந்த மெஷினும் தாங்காதுடி. கருகிப் போச்சுன்னா அப்புறம் பேரப்புள்ள மூஞ்சியை எதுல பாப்ப?"ன்னாரு.

"நிறுத்தி வெச்ச நேரத்துல கூப்பிட்டான்னா? அப்போ எதுல பாக்கறது?"ன்னா சௌந்தரம்.

ரெண்டு பேருக்கும் ஆசை ஒண்ணுதான். அதுக்குத்தான் அத்தனை சண்டை. பெரியவங்க அப்படித்தான்.

சரி, மொதல்ல அவ சொன்னபடி செஞ்சு பாத்தாங்க. ராப்பகலா ஓட விட்டாங்க. கிர்ர்ர்... கிர்ர்ர்... பொட்டி சூடாகி, பின்னால ரெண்டு பல்லி வந்து சுகமா ஒட்டிக்கிச்சுங்க. அப்புறம் என்னாச்சு? ஒரு மாதிரி கருகல் வாசனை. பொசுக். தானா நின்னு போச்சு. நல்லதம்பி மூடியைக் கழட்டி, உஃப் உஃப்னு தூசியை ஊதி, நல்லா ஆற வெச்சப்புறம்தான் அதுக்கு உயிர் வந்துச்சு. "பாத்தியா?"ன்னாரு.

அப்புறம் அவர் சொன்னபடி. டொக். அணைச்சாச்சு. மறுநாள் போன்ல பூங்கோதை, "எவ்வளவு நேரம்மா கூப்பிடறது? வயிறு எவ்வளவு பெருசாயிடுச்சுன்னு காட்டலாம்னு பாத்தேன்." சௌந்தரம் புருஷன் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா?"ன்னா.

அப்புறம் எதிர் வீட்டுக் காலேஜ் பொண்ணு நிவேதா வந்தா. "ஏன் ஆன்ட்டி அணைக்கறீங்க? தூங்க வைங்க"ன்னா.

"இது தூங்குமா?"

"தூங்கும். தட்டினா எந்திரிச்சுக்கும்."

ஒரு பட்டனை அமுக்கினா. திரை கறுப்பாச்சு. கீழ ஒரு குட்டி விளக்கு மட்டும் மினுக்... மினுக். சௌந்தரம் குனிஞ்சு பொட்டியில காதை வெச்சுக் கேட்டா. மூச்சே காணோம். உள்ள என்ன நடக்கும், கனவு கினவு வருமான்னு அவளுக்கு ஒரே யோசனை. ஆனா பூங்கோதை கூப்பிட்டப்போ அது எந்திரிக்கவே இல்ல. நீ பள்ளிக்கூடம் போற அன்னைக்கு எந்திரிப்பியே, அதே மாதிரி.

ம்? சிரிக்கிறியா? சரி, கேளு.

அதுக்குள்ள ஆயுத பூஜை வந்துடுச்சு. அன்னைக்கு நல்லதம்பி ஸ்பானர், சுத்தியல் எல்லாம் தொடைச்சு வெச்சாரு. தையல் மெஷினுக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வெச்சாங்க. அப்போ சௌந்தரம் ஒரு வேலை பண்ணா பாரு. கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, அதோட நெத்தியில பெருசா சந்தனம் அப்பி, குங்குமம் வெச்சு, பூவைப் போட்டு, கற்பூரம் காட்டிட்டா.

அவரு பட்டன் பக்கம் கையைக் கொண்டு போனாரு. "தொடாதீங்க. பூஜையில வெச்சதை நாளைக்கு மறுபூஜை முடிச்சுத்தான் எடுக்கணும்"னா.

"ஓடிக்கிட்டு இருக்கேடி."

"ஓடட்டும். சாமி குத்தம் ஆயிடும்."

அவரு டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்து கம்ப்யூட்டருக்குக் காத்து விட்டாரு. சௌந்தரத்துக்குச் சந்தோஷம் தாங்கல. ஜெயிச்சுட்டோம்னு பொரிகடலையை ஒரு வாய் போட்டா.

அப்போ, டுட்டுடூங்... டுட்டுடூங்... கம்ப்யூட்டர் கூப்பிடுது.

பூங்கோதைதான். எடுக்கணும்னா மவுஸைத் தொடணும். மவுஸுக்கும் பொட்டு வெச்சிருக்கா. சௌந்தரம் கையை நீட்டினா, இழுத்துக்கிட்டா, மறுபடி நீட்டினா. புள்ளைக்கு நல்லது நடக்கற நேரத்துல சாமி கோவிச்சுக்குமோன்னு பயம். டுட்டுடூங்... டுட்டுடூங்...

"கூப்பிடறதே சரஸ்வதிதான்டி"ன்னு சொல்லி நல்லதம்பியே மவுஸை அமுக்கிட்டாரு.

திரையில பூங்கோதை வந்துட்டா. களைச்சுப் போன மூஞ்சி. "அம்மா, உங்களைக் காணோமே? ஒரே மஞ்சளா இருக்கே"ன்னா. ஏன் தெரியுமா? கம்ப்யூட்டர் நெத்தியிலதான் அதோட கேமரா இருக்கு. சௌந்தரம் அதுமேலயே சந்தனத்தை அப்பிட்டா. நல்லதம்பி துண்டை எடுத்து அழுத்தித் தொடைச்சாரு. "ஹைய், அப்பா"ன்னு பூங்கோதை சிரிச்சா. அப்புறம் மெதுவா ஒரு துணிச் சுருளைத் தூக்கிக் காட்டினா. உள்ள ஒரு குட்டி மூஞ்சி. சிவப்பா, உர்ருன்னு, கண்ணை மூடித் தூங்குது. பொண்ணு.

சௌந்தரம் அழுதா, சிரிச்சா, என்னென்னவோ கேட்டா. இங்க விளக்கு வைக்கற நேரம், அங்க விடியற நேரம். பூங்கோதைக்குக் கண்ணு சொக்குது. "அம்மா, கொஞ்சம் தூங்கறேன். வெச்சிடவா?"ன்னா.

"வைக்காத கண்ணு. அப்படியே விட்டுட்டுத் தூங்கு"ன்னாரு நல்லதம்பி.

அவ தூங்கிட்டா. பக்கத்துல புள்ளயும் தூங்குது. சௌந்தரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் பொட்டியைத் தொட்டுப் பாத்து பயந்துட்டா. "என்னங்க, கொதிக்குதுங்க. செத்த நேரம் அணைச்சிடலாமா?"

நல்லதம்பி ஃபேனை இன்னும் கிட்ட நகர்த்தி வெச்சாரு. "உஷ்... சத்தம் போடாத. தலைப்பிரசவம், புள்ள நம்ம வீட்டுல தூங்குது"ன்னாரு.

ம்... ம் சத்தம் காணோமே. கதையும் கண்ணை மூடிக்கிச்சு, நீயும் மூடிக்கோடா தங்கம்.