உதை வைத்தியர் பொன்னுரங்கம்

மூங்கில் காட்டின் ஓடைக்கரையில் பொன்னுரங்கம் என்ற கழுதை வைத்தியம் பார்த்து வந்தது. சுளுக்கு, பிடிப்பு, வீக்கம், மூட்டு வலி என்று எது வந்தாலும் அதனிடம் ஒரே மருந்துதான். உதை.

இந்த வைத்தியத்தை அது ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தது. செங்கல் சூளையில் கல் சுமந்த காலத்தில், இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் எல்லாம் அங்கிருந்த மேஸ்திரியைத் தேடி வருவார்கள். அந்த மேஸ்திரி பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர் காலால் தொட்டால் பிடிப்பு விட்டுப்போகும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அவரும் வலிக்கிற இடத்தை மெல்ல மிதித்து அனுப்பிவைப்பார். பொன்னுரங்கம் எல்லாவற்றையும் கவனித்தது. அந்த ‘மெல்ல’ மட்டும் அதன் கண்ணில் படவில்லை. காட்டுக்கு வந்ததும், தானும் கால் முன்னே வந்து பிறந்தவன்தான் என்று சொல்லிக் கடையை விரித்துவிட்டது.

காடும் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? ஒருமுறை உதை வாங்கிப் போனவர் யாரும் இன்னும் வலிக்கிறது என்று திரும்பி வந்ததே இல்லை. வழியில் பார்த்து விசாரித்தால், முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வேகமாகப் போய்விடுவார்கள். இதைப் பார்த்து மயங்கிய சடைச்சி என்ற குரங்கு, வைத்தியருக்குக் கம்பவுண்டராகவே வந்து சேர்ந்தது. உதை விழும்வரை நோயாளி ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

ஒருநாள் காலை ஒரு மிளா மான் தோள் பிடித்துக்கொண்டது என்று வந்தது. சடைச்சி அதை ஒரு தேக்கு மரத்தை ஒட்டி நிறுத்தி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னது. பொன்னுரங்கம் திரும்பி நின்று, ஒருமுறை செருமிக்கொண்டு, பின்னங்காலை ஓங்கியது. கடைசி நேரத்தில் மிளாவுக்குத் தைரியம் போய்விட்டது. சட்டென்று விலகிக்கொண்டது. உதை மரத்தில் விழுந்தது.

‘டக்’ என்று ஒரு சத்தம். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொன்னுரங்கம் அப்படியே சரிந்து உட்கார்ந்தது. பின்னங்கால் பார்க்கப் பார்க்க வீங்கியது. ஊன்றப் போனால் உயிர் போகிற வலி. மிளா, தனக்குத் தோள் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நழுவியது.

சற்று நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. சடைச்சி மட்டும் கலங்கவே இல்லை.

"பயப்படாதீங்க அண்ணே, நம்ம வைத்தியம் இருக்கில்ல? ஒரே உதை. எந்திரிச்சு ஓடுவீங்க."

பொன்னுரங்கத்துக்கு வியர்த்துவிட்டது. கால் முன்னே வந்து பிறந்தவர் உதைத்தால்தான் பலிக்கும், இந்தக் காட்டில் தன்னைவிட்டால் அப்படி வேறு யாரும் இல்லையே என்று வருத்தமாகச் சொன்னது. வருத்தம் முகத்தில் மட்டும்தான்.

கூட்டத்தில் இருந்த மான்களும் காட்டெருமைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கன்று போடுகிற வீட்டில் கால்தானே முதலில் எட்டிப் பார்க்கும்? இதில் என்ன அதிசயம் என்று அவற்றுக்கு விளங்கவில்லை. தாங்கள் எல்லாருமே அப்படித்தான் பிறந்தோம், உதவத் தயார் என்று முன்னால் வந்தன. வரிசை ஓடைவரை நீண்டது. பொன்னுரங்கத்திடம் முன்பு உதை வாங்கியவை வரிசையில் முதல் இடத்துக்கு முண்டியடித்தன.

பெரிய வைத்தியருக்குப் பெரிய உதைதான் மரியாதை என்று சடைச்சி ஆனந்தவல்லி யானையைக் கூப்பிட்டது. ஆனந்தவல்லி நல்ல மனசுக்காரி. போன கோடையில் தன் இடுப்பு வலிக்குப் பொன்னுரங்கம் கொடுத்த உதையை நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்தது. சொறிந்துவிட்டதுபோல் சுகமாக இருந்ததாம்.

இன்று அஷ்டமியாயிற்றே என்றது பொன்னுரங்கம். போன அஷ்டமிக்குத்தானே காட்டுப்பன்றியை உதைத்தீர்கள் என்றது சடைச்சி. வயிறு நிறைந்திருக்கும்போது உதை வாங்கக் கூடாது என்றது பொன்னுரங்கம். காலையிலிருந்து நீங்கள் ஒரு புல்கூடத் தின்னவில்லையே என்றது சடைச்சி. ஆனந்தவல்லி காலைத் தூக்கியது.

அந்தப் பாதத்தின் நிழல் பொன்னுரங்கத்தின் கால்மேல் விழுந்தது. உதை விழுந்தால் கால் போய்விடும். கால் போனால் சிறுத்தை திரிகிற காட்டில் ஒரு கழுதை எத்தனை நாள் தாங்கும்? உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் வைத்தியர் என்ற பெயர் போய்விடுமே. பாவம், அதற்குக் காலின்மேல் இருந்த அளவுக்குப் பெயரின்மேலும் ஆசை இருந்தது. பாதம் கீழே இறங்க ஆரம்பித்தது.

"நிறுத்து தாயி! உதைக்கிறது வைத்தியமே இல்ல. எலும்பு எது, சுளுக்கு எதுன்னுகூட எனக்குத் தெரியாது."

ஆனந்தவல்லி காலை அந்தரத்திலேயே நிறுத்தியது.

"அப்ப, எல்லாருக்கும் குணமாச்சே அண்ணே?" என்று சடைச்சி கேட்டது.

செவத்தான் என்ற முயல் முன்னால் வந்தது. உதை வாங்கிய அன்று தன் கணுக்கால் இரண்டு பங்காக வீங்கிவிட்டது என்று அது சொன்னது. திரும்பவும் வைத்தியர் கண்ணில் பட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று பயந்து, ஓடை ஓரம் நாணல் மறைவில் ஒளிந்துகொண்டதாம். கால் குளிர்ந்த தண்ணீரில் கிடந்தது. சலசலப்பு கேட்டுவிடுமே என்று அசையவும் இல்லை. வீக்கம் தானாகவே வடிந்துவிட்டது. குணமாகிவிட்டது என்று சொன்னதுகூடப் பயத்தில்தான். அது சொல்லி முடித்ததும் மற்றவையும் தத்தம் ஒளிவிடங்களைச் சொல்ல ஆரம்பித்தன. ஆகமொத்தம், காடே வைத்தியருக்குப் பயந்து அசையாமல் கிடந்துதான் பிழைத்திருக்கிறது.

இப்போது உதைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வைத்தியமாக அல்ல.

ஆனந்தவல்லி காலைத் தள்ளித் தரையில் வைத்தது. ஒரு கரடி மட்டும் பரிதாபப்பட்டு, காலை இழுத்து நேராக்கி எண்ணெய் போட்டு நீவலாமே என்று கையை நீட்டியது. செவத்தான் குறுக்கே பாய்ந்தது.

"தொடாத. வெறும் சுளுக்குக்கே நான் அசையாம கிடந்தேன். இது எலும்பா இருந்தா என்ன ஆவுறது? கிடக்கிறபடியே கிடக்கட்டும்."

இந்த முறை எல்லாரும் முயலின் பேச்சைக் கேட்டார்கள். சடைச்சி மூங்கிலைப் பிளந்து இரண்டு பட்டைகள் எடுத்தது. நடுவில் இலவம் பஞ்சை மெத்தையாக வைத்து, காலின் இரு பக்கமும் பட்டைகளைச் சேர்த்தது. வீங்கிய இடத்தை விட்டுவிட்டு, மேலும் கீழும் கொடியால் கட்டியது. குற்ற உணர்ச்சியில் முதலில் கொஞ்சம் பலமாகவே கட்டிவிட்டது. குளம்புப் பக்கம் மரத்துப்போகிறது என்று பொன்னுரங்கம் முனகியதும் தளர்த்திக் கட்டியது. நனைத்த இலைகளை வீக்கத்தின்மேல் வைத்தது. பிறகு நோயாளியை ஒரு மூங்கில் தட்டியில் கிடத்தினார்கள். ஆனந்தவல்லி அதைக் குலுக்காமல் இழுத்துக்கொண்டு காட்டோரம் இருந்த கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் விட்டு, ஒரு பிளிறு பிளிறிவிட்டுத் திரும்பியது.

டாக்டரம்மா கொடியால் போட்டிருந்த கட்டைப் பார்த்துத் திகைத்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் விரிசல்தான், யாராவது இழுத்தோ நீவியோ இருந்தால் இரண்டாகப் போயிருக்கும் என்று உதவியாளரிடம் சொன்னார். பொன்னுரங்கத்துக்கு ஆனந்தவல்லியின் பாதம் ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டது.

மாவுக்கட்டைப் பிரித்து, நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு அது காட்டுக்குத் திரும்பியது. வந்த அன்றே ஒரு நரி கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தது. பொன்னுரங்கம் அதை உட்கார வைத்து, காலைக் கல்லின்மேல் உயர்த்தி வைக்கச் சொன்னது. ஈர இலையைப் போட்டு, நடக்காதே, வலி குறையாவிட்டால் டாக்டரம்மாவிடம் போ என்றது. நரி எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தது.

"அவ்வளவுதானா? உதை கிடையாதா?"

"கிடையாது."

"ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கேன் அண்ணே. ஒண்ணே ஒண்ணு. லேசா."

பொன்னுரங்கத்தின் பின்னங்கால் துடித்தது. அது அந்தக் காலை மடக்கி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அடிபட்ட இடத்தை இழுக்காமல், நீவாமல், அசையாமல் வைப்பதே முதல் உதவி. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது அதற்கும் முந்திய உதவி.